கார் அழுத வெள்ளிக்கிழமைகள்

அந்தக் கண்ணாடி அறைக்குள் குளிரூட்டி மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மற்ற எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம்.

கார் திருத்தும் கராச்சில் காத்திருப்பதற்கென்று ஓர் அறை இருப்பது எங்கள் பக்கத்தில் புதுசு. முன்பெல்லாம் மாமர நிழலில், யாருடையதோ வான் வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட சீற்றில் குந்தியிருப்போம். எறும்பு கடிக்கும். ஆனால் உள்ளே காரின் எந்தப் பாகம் கழன்று கிடக்கிறது என்ற விவரம் தெரியாது. அந்த அறியாமையில் ஒரு நிம்மதி இருந்தது.

இப்போது மெத்தைக் கதிரை, குளிர்தண்ணீர், ஒரு பக்கச் சுவருக்குப் பதிலாக முழுக் கண்ணாடி. நம்முடைய கார் வயிற்றைக் காட்டிக்கொண்டு தொங்குவதை நாமே பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனைக் கண்ணாடி வழியாக உறவினருக்குக் காட்டுவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று இந்தக் கராச்சைக் கட்டியவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்ன பிரச்சினை என்று கேட்டார்.

“ஒரு சத்தம் வருது.”

“எங்கையிருந்து ஐயா?”

“பொதுவாய்.”

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே கணினியில் பதிந்துகொண்டார்.

என் காரில் ஒரு சத்தமும் இல்லை. போன மாதம்தான் ஒயில் மாற்றியது. நான் வந்தது, கண்ணாடிக்கு அப்பால் காரைத் தூக்கி நிறுத்தும் மூன்றாவது உயர்த்திக்குப் பக்கத்தில், கடுநீல ஓவரோலும் கனத்த சப்பாத்துமாக நின்ற ஒருத்தியைப் பார்க்க. என் மகள் சங்கவி. நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. அப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமைக்குள் ஒரு பதில்

சங்கவி ஓட்டோமொபைல் பொறியியல் படித்தவள். தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, ஊருக்குத் திரும்பி, யாழ்ப்பாணத்துக்குப் போகும் வீதியில் இருக்கும் இந்தக் கராச்சில் பயிற்சிப் பொறியியலாளராகச் சேர்ந்தாள்.

எங்கள் சமூகத்தில் பிள்ளை இஞ்சினியர் என்றால் முதலில் முகம் மலரும். அடுத்த கேள்வி, “என்ன இஞ்சினியர்?” கட்டடம் என்றால் மலர்ச்சி நிற்கும். கணினி என்றால் பெரிதாகும். ஓட்டோமொபைல் என்று சொன்னபோது, கனடாவில் இருக்கும் என் மச்சான் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தேன். பிறகு, “அப்ப கராச்” என்றார். துக்கம் விசாரித்ததுபோல இருந்தது.

என் மனைவி வதனி அவ்வளவு மோசமில்லை. அவளுடைய கவலை நகத்தில் இருந்தது. பிள்ளையின் நகக்கண்ணில் கிறீஸ் கறுப்பாக நிற்கும். வதனி தேசிக்காயை வெட்டிச் சீனி தொட்டு, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிடுவாள். வீட்டில் புது வாகனம் வாங்கினால் சில்லுக்கு அடியில் வைக்கும் தேசிக்காய், எங்கள் வீட்டில் விரலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் அரசாங்க அலுவலகம் ஒன்றிலிருந்து சங்கவிக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. மேசை, மின்விசிறி, கடைசியில் பென்சன். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். வதனி அன்றே வீட்டுக் கோயிலுக்குப் பொங்கிவிட்டாள். சங்கவி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் புட்டைப் பிசைந்துகொண்டு சொன்னாள்:

“இண்டைக்கு அந்தக் கார் வருதம்மா. அதைப் பாத்து முடிச்சிட்டுச் சொல்லுறன்.”

ஜப்பானியம் பேசும் கார்

‘அந்தக் கார்’ யாரென்று சொல்லிவிடவேண்டும்.

ஜப்பானில் சில காலம் ஓடி, அங்கே போதும் என்று தோன்றியதும் கப்பலேறி நம்மிடம் வந்து சேரும் ஹைபிரிட் கார்களில் அதுவும் ஒன்று. இந்தக் கார்களுக்கு எல்லாம் தெரியும். முன்னால் மாடு நின்றால் தெரியும், கோட்டைத் தாண்டினால் தெரியும். ஆனால் தெரிந்ததை எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் சொல்லும். திரையில் கோழி கிளறியதுபோல எழுத்து வரும், கூடவே ஒரு கீச்சுக் குரல். நாங்கள் அது ஏதோ வணக்கம் சொல்கிறது என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டுவோம்.

இந்தக் காரின் சொந்தக்காரர் வல்வெட்டித்துறைத் தவராசா. மூன்று படகுகள் வைத்திருப்பவர். அவருடைய கார் சில வாரங்களாகச் செம்மஞ்சள் விளக்கொன்றை எரியவிட்டு, ‘ரீங் ரீங்’ என்று அழுதுகொண்டிருந்தது. கராச்சுக்குக் கொண்டுவந்தால் அழுகை நின்றுவிடும். கணினியைப் பொருத்திப் பார்த்தால், முன்பக்க ராடரில் ஏதோ பிழை ‘இருந்தது’ என்று பழங்கதை மாதிரிச் சொல்லும். இப்போது இருக்கிறதா என்றால் இல்லை. வயரைக் கழற்றி மாட்டி அனுப்புவார்கள். அடுத்த கிழமை கார் திரும்பி வரும்.

ஒருமுறை ராடரையே மாற்றினார்கள். அதற்குப் பிறகும் வந்தது.

கராச்சின் பொறுப்பாளர் அன்ரன், குருநகர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கு எல்லை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை மாலை சங்கவியைக் கூப்பிட்டு, நாளைக்கு அந்தக் காரை நீ தனியப் பார், இனியும் திரும்பி வந்தால் உன்னை உயர்த்திப் பக்கம் விட்டு மேலிடத்துக்கு என்னால் பதில் சொல்ல ஏலாது, வரவேற்பு மேசையில் இருந்து ஆட்களோடு கதைக்கலாம், உனக்கு நல்ல குரல், என்று சொல்லியிருக்கிறார்.

இதை அவள் குசினியில் தாயிடம் சொன்னபோது, நான் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேசையில்தான் இருக்கவேண்டுமென்றால் பென்சன் உள்ள மேசையில் இருக்கிறேன் என்றாள். குரல் உடையவில்லை. நான் அள்ளிய தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றினேன்.

மண்ணெண்ணெய் இஞ்சினியர்

நான் பத்திரிகையில் எழுதுவதைப் படிக்கும் வாசகர் ஒருவர் முன்பொருமுறை கேட்டிருந்தார், உங்கள் கட்டுரைகளில் ஏன் எப்போதும் பயந்தபடியே திரிகிறீர்கள் என்று. அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. நானும் மோட்டார் வாகனவியல் படித்தவன்.

சண்டைக் காலம். குடாநாட்டுக்குள் பெற்றோல் வராது. எங்கள் தொழில்நுட்ப வகுப்பில் எஞ்சின் கரும்பலகையில்தான் இருந்தது. மாஸ்டர் வெள்ளைச் சோக்கால் சிலிண்டரும், மஞ்சள் சோக்கால் பிஸ்டனும் கீறுவார். மஞ்சள் சோக் முடிந்த கிழமை பிஸ்டன் இல்லாமலே எஞ்சினை ஓட்டினோம். ஷெல் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போய்விட்டு, திரும்பி வந்து அதே பிஸ்டனைத் தொடர்வோம்.

ஊரில் மிஞ்சியிருந்த கிழட்டு இங்கிலாந்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் எஞ்சின் எழும்பாது. ஆகவே ஒவ்வொரு சாரதியிடமும் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். கண்ணுக்கு மருந்து விடுவதுபோலக் காபுரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு உசுப்பிவிடுவார்கள். பிறகு அது வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். அந்தக் காலத்தில் கலியாணம் முடித்த பெண்களின் கூறைச்சேலையை இன்றைக்கு எடுத்து மணந்து பார்த்தாலும் மண்ணெண்ணெய் மணக்கும் என்று நினைக்கிறேன். வதனி தன்னுடையதைத் தர மறுக்கிறாள்.

நான் சான்றிதழ் பெற்ற கையோடு அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. பென்சன் உள்ள வேலை. போய் உட்கார்ந்தவன், இன்றுவரை ஒரு காரின் பொனற்றையும் நானாகத் திறந்ததில்லை. எந்தக் காருக்குள் ஏறினாலும் அதில் என்னென்ன பழுதாகலாம் என்பது மட்டும் எனக்கு முறைப்படி தெரியும். சரிசெய்யத் தெரியாது. பதற்றத்துக்கு இதைவிடச் சிறந்த படிப்பு கிடையாது.

ஆகவே சங்கவி விஷயத்தில் நான் எந்தப் பக்கம் என்று எனக்கே விளங்கவில்லை. ஹைபிரிட் காருக்குள் செம்மஞ்சள் உறை போட்ட தடித்த வயர்கள் ஓடும். ஆளைக் கொல்லும் மின்சாரம். அவள் முழங்கைவரை றப்பர் கையுறை போட்டுக்கொண்டு அவற்றைத் தொடுகிறாள் என்று நினைத்தால், மேசையும் மின்விசிறியும் நல்லது என்று படும். மேசையில் அவளை வைத்து நினைத்துப் பார்த்தால், அங்கே நான்தான் இருந்தேன், தாடியோடு.

எதைக் கேட்பது

அன்று விடிய மருதனார்மடத்துக்குப் போய் ஆஞ்சநேயர் முன்னால் நின்றேன். சந்தை திறந்து, மரக்கறி லொறிகள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தன. கண்ணை மூடினால், என்ன கேட்பதென்று தெரியவில்லை. காரைத் திருத்தவேண்டும் என்று கேட்பதா, திருத்தாமல் விடவேண்டும் என்று கேட்பதா? கடைசியில், “நீர் பார்த்துச் செய்யும்” என்று பொறுப்பைத் தள்ளிவிட்டேன். கச்சேரியில் பழகிய முறை.

திருநீறும் சந்தனமும் வெற்றிலையில் கிடைத்தன. வீட்டுக்கு வந்தபோது சங்கவி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விறாந்தைக் கொழுவியில் அவளுடைய ஹெல்மெட் தொங்கியது. அவளுக்கு நேரே பூசப் போனால், அப்பா தொடங்கிவிட்டார் என்பாள். எனவே ஹெல்மெட்டின் நெற்றியில் பெரிய பொட்டாகச் சந்தனத்தை அப்பிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர்ப் பதமாக இருந்தது. இருக்கட்டும், காய்ந்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் ஸ்கூட்டியில் போன கொஞ்ச நேரத்தில் என் காரை எடுத்தேன். சந்தைக்குப் போகிறேன் என்று வதனியிடம் சொன்னேன். அவள் பை ஒன்றைக் கொடுத்தாள். அந்தப் பை கண்ணாடி அறையில் என் மடியில் இருந்தது.

பக்கத்துக் கதிரை

தவராசா வந்து என் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். வெயிலில் காய்ந்த முகம், வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை விபூதி. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் காட்டிச் சொன்னார்:

“உந்தப் பிள்ளையிட்டைக் குடுத்திருக்கினம். எனக்கெண்டாப் பயமாய்க் கிடக்கு.”

“கெட்டிக்காரப் பிள்ளை எண்டு கேள்வி” என்றேன்.

“ஆர் சொன்னது?”

“பொதுவாய்.”

அவர் பெருமூச்சு விட்டுத் தன் கதையைச் சொன்னார். கடலில் எஞ்சின் நின்றால்கூடப் பயப்படாத மனிதர். தரையில் இந்தக் கார் அழத் தொடங்கினால் வீதியோரம் நிறுத்தி இறங்கிவிடுகிறாராம். மனைவி ஏற மறுக்கிறாள். யாரோ கண்ணூறு பட்டுவிட்டது என்றார்கள். அதனால் ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குத் தேசிக்காய் வைத்து, படகின் முன்முனையான அணியத்துக்குச் செய்வதுபோலவே முன்னுக்கு நடு நெற்றியில் வடிவாகச் சந்தனமும் குங்குமமும் சாத்துகிறார். கார் வாங்கி முதல் பூசைக்குப் போனபோது சின்னப் பொட்டுத்தான் வைத்தாராம். அழுகை நிற்காதபடியால் இப்போது உள்ளங்கை அளவு.

“பூசை முடிச்சு வெளிக்கிட்டாப் போதும், சந்தி தாண்ட முன்னம் துடங்கிடும். கோயிலாலை வரேக்கையே அழுதெண்டாப் பாருங்கோவன், எவ்வளவு பொல்லாத கண்ணூறு.”

நான் அனுதாபத்தோடு தலையாட்டினேன். மோட்டார் வாகனவியலில் சான்றிதழ் பெற்ற என் தலை, அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

கழுவாதேங்கோ

அந்தக் கராச்சில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. வாசலால் வரும் எந்தக் காரையும் முதலில் கழுவுமிடத்துக்கு விட்டு, குளிப்பாட்டித்தான் உள்ளே எடுப்பார்கள். தவராசாவின் கார் அங்கே திரும்பியபோது, சங்கவி கையை உயர்த்திக்கொண்டு ஓடியதைக் கண்டேன். கண்ணாடிக்குள் சத்தம் வராது. ஆனால் தண்ணீர்க் குழாய் பிடித்திருந்தவரிடம் அவள் வேண்டாம் என்கிறாள் என்பது தெரிந்தது. அன்ரன் வந்தார். இருவரும் கதைத்தார்கள். அன்ரன் இடுப்பில் கை வைத்தார். நான் எழும்பிப் போய்க் குளிர்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், கார் கழுவப்படாமல், புழுதியும் சந்தனமுமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

கணினியைப் பொருத்தினாள். பார்த்தாள். காரின் முன்னால் போய்க் குந்தியிருந்து, அதன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

என் மடியிலிருந்த சந்தைப் பையை முகத்துக்கு நேரே தூக்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்குள், “ஐயா, கொஞ்சம் காலை மடக்குங்கோ” என்று என்னைத் தாண்டிப் போனாள். பெற்ற மகள் ஐயா என்று கூப்பிடும்போது ஏற்படும் உணர்ச்சியை எந்த மொழியிலும் எழுதுவது கஷ்டம்.

“அங்கிள், நேற்றுக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனனீங்களோ?” என்று தவராசாவிடம் கேட்டாள்.

“ஓம் பிள்ளை. வெள்ளியெல்லே.”

“ஒருக்கா வாறீங்களோ, ஒண்டு காட்டோணும்.”

நானும் பின்னால் போனேன். யாரும் தடுக்கவில்லை. காத்திருந்து களைத்தவர் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் காரின் முன்னால், தயாரிப்பாளரின் சின்னம் பதித்திருக்கும் இடத்தைக் காட்டினாள். சின்னம் தெரியவில்லை. உள்ளங்கை அளவு சந்தனம், நடுவில் குங்குமம். தடிப்பாக அப்பியதில் ஓரம் காய்ந்து, நடு இன்னும் ஈரமாக இருந்தது. அதைத் துடைத்துப் பார்க்கவேண்டும் என்றாள்.

தவராசாவின் முகம் மாறியது. சுவாமிக்குச் சாத்திய சந்தனத்தைக் கராச்சில், கிறீஸ் துணியால், அதுவும் கார் இவ்வளவு அழும் நேரத்தில் துடைப்பதா? வேண்டாம், காரைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறேன் என்று காரின் சாவித் திறப்புக்குக் கை நீட்டினார். சங்கவி அன்ரனைப் பார்த்தாள். அன்ரன் ஓரடி பின்னால் போனார்.

“நான் வேதக்காரன் பிள்ளை, சேர்ச்சுக்குப் போறவன். நான் இதிலை வாய் வைக்கேலாது.”

திறப்பு அவளுடைய கையில் இருந்தது. கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. விடிய ஆஞ்சநேயரிடம் கேட்காமல் விட்டதை அந்த நேரம்தான் கேட்டேன். மேசை வேண்டாம் என்று.

சங்கவி திறப்பைக் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. வரவேற்பில் இருந்து புதுத் துணி ஒன்றும், விருந்தாளிக்குக் கொடுக்கும் கண்ணாடிக் கிளாசில் தண்ணீரும் எடுப்பித்து அவரிடம் நீட்டினாள்.

“நாங்கள் தொடேல்லை அங்கிள். சாத்தினது நீங்கள். நீங்களே எடுங்கோ.”

தவராசா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல மெல்ல மெல்லத் துடைத்தார். ஓட்டிப் பார்க்கச் சங்கவியும் அவரும் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். கார் சத்தமில்லாமல் வாசலைத் தாண்டிப் போனது. ஹைபிரிட் கார்களில் எனக்குப் பிடிக்காதது இதுதான். ஆள் போகிறது, சத்தம் இல்லை.

அவர்கள் போய்வர எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. அன்ரன் ஒரு ஸ்பனரை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். எனக்கு ஓர் ஆறுதல், பயந்தது நான் மட்டும் இல்லை.

கார் திரும்பி வந்தது. தவராசா கதவைத் திறந்தபடியே இறங்காமல் இருந்தார். செம்மஞ்சள் விளக்கு இல்லை. ரீங் இல்லை.

“அப்ப கண்ணூறு இல்லையோ?”

“இந்தச் சின்னத்துக்குப் பின்னாலைதான் அங்கிள் காரின்ரை கண், அந்த ராடர், கிடக்கு. முன்னுக்கு என்ன நிக்குதெண்டு அதாலைதான் பாக்கிறது. நெத்தி எண்டு நினைச்சு நீங்கள் கண்ணிலை பூசிப்போட்டியள். இஞ்சை வர நாங்கள் கழுவிவிடுறம், அது சுகமாகிடுது. கண்ணிலை பூசினா ஆரெண்டாலும் அழும்தானே.”

தவராசா இறங்கிப் போய்க் காரை முன்னால் நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அழ அழ நான் இன்னும் அப்பினன் மோனை” என்றார். “அப்ப நெத்தி எங்கை?”

சங்கவி பொனற்றின் மேலே, கண்ணாடிக்குக் கீழே ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் மிச்சத் தண்ணீரில் விரலைத் தொட்டு, அந்த இடத்தில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டார், அடையாளத்துக்கு.

அன்ரன் வரவேற்புப் பெண்ணிடம் போய், திங்கட்கிழமை வரும் ஹைபிரிட் காரைச் சங்கவியின் பெயரில் போடச் சொன்னார். திங்கட்கிழமை என்ற சொல் சங்கவியின் காதிலும் விழுந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

சத்தம்

நான் நழுவப் பார்த்தேன். என் காருக்குப் பக்கத்தில் அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“உங்கடை காரையும் பாத்தாச்சு. பொதுவாய் ஒரு சத்தமும் இல்லை.”

“எப்ப கண்டனீ?”

“நீங்கள் வாசலுக்குள்ளை திரும்பேக்கையே. சிக்னல் போடாமல் திரும்பினனீங்கள்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அப்பா, காலமை ஹெல்மெட்டிலை பூசினது நீங்கள்தானே?”

நான் சந்தைப் பையை நாலாக மடித்தேன்.

“கொக்குவில் தாண்டேக்கை அது வடிஞ்சு கண்ணாடியெல்லாம் பரவி முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை. பஸ் ஒண்டு வேறை. கரையிலை நிப்பாட்டித் துடைச்சனான். துடைக்கேக்கைதான் அந்தக் காரின்ரை முகம் ஞாபகம் வந்தது.”

பஸ் என்றதும் காரில் சாய்ந்துகொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டாமல் விட்டாள்.

“பூசுறதெண்டா இனிப் பின்பக்கம் பூசுங்கோ. முன்னாலை எனக்கு றோட்டுத் தெரியோணும்.”

அன்று மாலை, அரசாங்க வேலை வேண்டாம் என்று வதனியிடம் அவளே சொன்னாள். வதனி குசினிக்குள் போய் ஒரு தேசிக்காயை வெட்டிக்கொண்டு வந்து, “கையைத் தா” என்றாள். அவ்வளவுதான் அதைப் பற்றிய பேச்சு. என்னிடம் மட்டும், சந்தைக்குப் போன பை ஏன் வெறுமையாக வந்தது என்று கேட்டாள்.

திங்கட்கிழமை விடியவும் மருதனார்மடம் போனேன். இந்தமுறை என்ன கேட்பதென்று தெரிந்திருந்தது. அந்தச் செம்மஞ்சள் வயர்களைப் பற்றி விபரமாக எடுத்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, விறாந்தைக் கொழுவியில் இருந்த ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். காயும்வரை ஊதினேன்.

பிறகு அதை முன்பக்கம் திருப்பி, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொருமுறை துடைத்தேன்.